காருக்குள் கேட்ட சம்மதம்

போன வருடம் ஏப்ரல் மாதம், அந்தமானில் ரங்கத் என்ற ஊரில், என் தங்கையின் நிக்காஹ் அன்று நடந்தது இது. நான் இருப்பது போர்ட் பிளேரில், மின்னி பே பக்கம். வாப்பாவுக்கு ரங்கத் பஜாரில் மளிகைக் கடை. நடுவில் காட்டுப் பாதை. ஓரிடத்தில் வண்டிகளை ஏற்றும் ஜங்கார் படகில் காரோடு ஏறித் தண்ணீரைக் கடக்கவேண்டும். சுலபமான பயணம் இல்லை. எனக்கோ இன்னும் கொஞ்சம் கூடுதலாகவே கஷ்டம்.

காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். சில வருடங்களுக்கு முன் மழையில் ஸ்கூட்டர் சறுக்கி விழுந்து தண்டுவடத்தில் அடிபட்டேன். கைகள் தப்பின, கால்கள் போயின. சக்கர நாற்காலியைப் பார்த்ததும் அது எல்லோருக்கும் புரிந்துவிடும். புரியாத ஒன்று உண்டு. நெஞ்சுக்குக் கீழே எனக்கு வியர்ப்பதே இல்லை. வியர்க்காத உடம்பு சூடேறினால் தானாக இறங்காது. வெயிலில் நின்ற காரில் என்னை ஏற்றுவதும் அடுப்பில் வைப்பதும் ஒன்றுதான். அதனால் இரண்டு கோடைகாலம் பகலில் நான் வாசல் தாண்டவில்லை.

போர்ட் பிளேரிலேயே டாலிகஞ்ச் பகுதியில் எலக்ட்ரிக்கல் கடை வைத்திருக்கும் என் கணவர்தான் யோசித்து மின்சாரக் கார் வாங்கினார். பெட்ரோல் மிச்சம் என்பதற்காக இல்லை. வண்டி சார்ஜரில் மாட்டியிருக்கும்போதே போனில் ஒரு தட்டு தட்டினால், வீட்டுக் கரண்டிலேயே உள்ளே ஏசி ஓடி இருக்கையெல்லாம் ஜில்லென்று ஆகிவிடும். பேட்டரியும் கூடவே குளிர்ந்துகொள்ளும். ஏற்றிவைத்த சார்ஜ் குறையாமல், முழுசாக ஓட்டத்துக்குக் கிடைக்கும். அந்தக் கார் வந்த பிறகுதான் நான் மறுபடியும் பகல் வெளிச்சத்தில் ஊரைப் பார்த்தேன்.

தங்கைக்குக் கல்யாணம் நிச்சயமானதும் போனில் சொன்னாள்: "லாத்தா, நீ வராம நான் சம்மதம் சொல்லமாட்டேன். பாத்துக்க!"

"வர்றேன்டி" என்றேன். சொன்னபடியே கிளம்பினேன்.

விடிவதற்கு முன்பே கார் குளிர்ந்து தயாராக நின்றது. வழியில் காட்டைப் பார்த்துக்கொண்டே போனேன். ஜங்காருக்காக வரிசையில் நின்றபோதும் எனக்கு ஒரு குறையும் இல்லை. என்ன, அவ்வளவு தூரமும் ஏசி ஓடியதில் ரங்கத் போய்ச் சேர்ந்தபோது சார்ஜ் அடிமட்டத்துக்கு வந்துவிட்டது. அதுவும் எதிர்பார்த்ததுதான். மண்டபத்துச் சமையற்கட்டுப் பக்கம் இருந்த பெரிய ப்ளக்கில் காரை மாட்டிவிட்டு என்னை உள்ளே தள்ளிக்கொண்டு போனார் என் கணவர். பெண்கள் பக்கம் பெரிய ஏர்கூலர் வைத்து எனக்கென்று ஓர் இடம் போட்டிருந்தார்கள்.

கொஞ்ச நேரத்தில் கரண்ட் போனது. மண்டபத்து ஜெனரேட்டர் இரண்டு தடவை இருமிவிட்டு நின்றுவிட்டது.

உள்ளே அத்தனை பெண்கள், அத்தனை பட்டு, அத்தனை பூ. எல்லோரும் வியர்த்துக் கொட்டி முந்தானையால் விசிறிக்கொண்டார்கள். நான் மட்டும் காய்ந்த துணி மாதிரி உட்கார்ந்திருந்தேன். முகம் எரிந்தது, தலை விண்ணென்று தெறித்தது. ஆனாலும் யாரிடமும் சொல்லவில்லை. தங்கைக்குரிய நாளில் என்னால் ஒரு களேபரம் வேண்டாம், இதோ கரண்ட் வந்துவிடும் என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

மணப்பெண் அலங்காரத்தோடு உட்கார்ந்திருந்தவள் என்னைப் பார்த்துவிட்டாள். எழுந்து வந்து கழுத்தில் கை வைத்தாள்.

"லாத்தா, என்னா இப்படிக் கொதிக்கிறே!" என்றவள், வாசலைப் பார்த்து ஒரு கத்து கத்தினாள். "மச்சான்! ஓடி வாங்க!"

என் கணவர் ஓடிவந்து பார்த்தார். ஈரத் துண்டு போடச் சொல்லிவிட்டுக் காருக்கு ஓடினார். சார்ஜ் அவ்வளவு குறைவாக இருக்கும்போது, வயரில் மாட்டாமல் அந்த வண்டி ஏசியை ஓடவிடாது. மூடியே நின்றதில் உள்ளே அனல். மாப்பிள்ளை வீட்டார் இன்னும் வந்து சேரவில்லை. எங்கள் பக்கத்து ஆட்கள் பஸ்ஸிலும் பைக்கிலும் வந்தவர்கள். ஆம்புலன்ஸ் வேறொரு கேஸுக்குப் போயிருந்தது. இருந்த ஒரே குளிர்ச்சியான இடம் எங்கள் கார்தான். அதற்குக் கரண்ட் வேண்டும்.

மண்டபத்துக்கு எதிரே ஒரு ஐஸ்க்ரீம் கடை. என் வயதுதான் இருக்கும் ஒரு பெங்காலிப் பெண் நடத்துகிறார். எனக்கு முன்பின் தெரியாதவர். கூச்சல் கேட்டு வாசலுக்கு வந்து நின்றவரிடம் என் கணவர் இரண்டே வாக்கியத்தில் விஷயத்தைச் சொன்னார். அவருடைய சின்ன ஜெனரேட்டர் ஃப்ரீசருக்காக ஓடிக்கொண்டிருந்தது. ஃப்ரீசரும் காரும் சேர்ந்தால் அது தாங்காது.

அந்தப் பெண் யோசிக்கவே இல்லை. ஃப்ரீசரின் ப்ளக்கைப் பிடுங்கினார். "பஹலே தீதி கோ தேக்கோ. ஐஸ்க்ரீம் ஃபிர் பன் ஜாயேகா" என்றாராம். முதலில் அக்காவைப் பாருங்கள், ஐஸ்க்ரீம் மறுபடி செய்துகொள்ளலாம் என்று.

காரை ரோட்டுக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய் மாட்டினால் சார்ஜரில் சிவப்பு விளக்கு எரிந்தது. "எர்த் இல்ல, அதான் எடுக்கமாட்டேங்குது" என்றார் என் கணவர். அந்தப் பெண் கடைக்குப் பின்னாலிருந்து ஒரு கடப்பாரையைத் தூக்கிவந்தார். அதைக் கடையோரத்து ஈரமண்ணில் ஆழமாக அடித்து இறக்கி, எர்த் ஒயரை அதில் சுற்றி, மேலே ஒரு குடம் தண்ணீரை ஊற்றினார்கள். சார்ஜரை ஆகக் குறைந்த அளவில் வைத்ததும் பச்சை எரிந்தது. கண்ணாடிகளை இறக்கி அனலை வெளியேற்றி, மறுபடி ஏற்றினார்கள். ஏசி பிடித்துக்கொண்டது.

என்னைத் தூக்கி உள்ளே உட்காரவைத்தபோது முதல் குளிர்காற்று முகத்தில் பட்டது. அந்த நிமிடத்தை என்னால் சொல்லி விளங்கவைக்க முடியாது. அந்தப் பெண் துண்டில் ஐஸ் சுற்றி என் பிடரியில் வைத்துப் பிடித்துக்கொண்டார். மெதுவாகத் தலை தெளிந்தது, கொதிப்பு இறங்கியது. "டீக் ஹே, தீதி?" என்றார், இப்போது பரவாயில்லையா என்று. நான் சிரித்தேன் போலிருக்கிறது, அவரும் சிரித்தார்.

இதற்குள் மாப்பிள்ளை வீட்டார் வந்து சேர்ந்துவிட்டார்கள். கார்க் கதவு திறந்தது. பார்த்தால் தங்கை! ஜரிகைச் சேலையைச் சுருட்டிக்கொண்டு என் பக்கத்தில் ஏறி உட்கார்ந்துவிட்டாள். பின்னாலேயே பதறிக்கொண்டு வாப்பா.

"அங்கே எல்லாரும் காத்துக்கிட்டு இருக்காங்கம்மா. சம்மதம் கேக்கணும்."

"இங்கே வந்து கேக்கச் சொல்லுங்க வாப்பா. லாத்தா பக்கத்துலதான் சொல்வேன்."

வாப்பா என்னைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். திரும்பிப் போய், பெண்ணிடம் சம்மதம் கேட்கும் பொறுப்பிலிருந்த வக்கீலையும் இரண்டு சாட்சிகளையும் கூட்டிவந்தார். நடுரோட்டோரம், ஜெனரேட்டர் இரைச்சலில், கார்க் கண்ணாடியை இறக்கி, மாப்பிள்ளை பெயரையும் அவர் தரும் மஹர் தொகையையும் சொல்லி முறைப்படி கேட்டார்கள். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு "சம்மதம்" என்றாள். இரைச்சலில் கேட்கவில்லை என்று சாட்சிகளில் ஒருவர் காதைக் காட்ட, இன்னும் சத்தமாகச் சொன்னாள். எதிர்ப்பக்கம் நின்ற சமையல்காரர்கள்கூடச் சிரித்துவிட்டார்கள்.

இளகிப்போன ஐஸ்க்ரீமையெல்லாம் அந்தப் பெண் கல்யாணத்துக்கு வந்த பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டார். என் கணவர் பணம் தரப் பேச்செடுத்தபோது கையை அசைத்துத் தடுத்தார். பிரியாணிக்கு மட்டும் மறுக்கவில்லை. தட்டோடு வந்து காரில் என் பக்கத்திலேயே உட்கார்ந்து சாப்பிட்டார்.

அன்று நான் வாய்விட்டுக் கேட்காமலேயே எனக்காக ஒரு கடை ஐஸ்க்ரீமை இளகவிட்டது, ஒரு கல்யாணம் காருக்கே வந்தது; யாரும் அதை ஒரு பாரமாக நினைக்கவில்லை. அதற்குப் பிறகு எங்கே போனாலும், எனக்கு இன்னது வேண்டும் என்று வாசலிலேயே சொல்லிவிடுகிறேன், குரலைத் தாழ்த்தாமல்.