வெப்சைட் வேலையாக மெட்ராஸ்

குஜராத்திலிருந்து போனில் பேசிய வியாபாரி என்னிடம் கேட்ட முதல் கேள்வியே, வெப்சைட் இருக்கிறதா என்பதுதான். என் பீங்கான் ஃபியூஸைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. "கட்டிக்கொண்டிருக்கிறோம்" என்று அரைகுறை இந்தியில் சொல்லி வைத்தேன், ஏதோ மாடி வீடு எழுப்புகிறவன் மாதிரி. விருத்தாசலம் செராமிக் பேட்டையில் என் ஷெட் கடைசிக்கு முந்தியது. பன்னிரண்டு பெண்கள் வேலை செய்தார்கள், பாதிப் பேர் கருவேப்பிலங்குறிச்சி பக்கம். களிமண்ணை அச்சில் அழுத்தி, காய வைத்து, பூச்சு கொடுத்து, சூளையில் சுட்டு, வைக்கோல் வைத்துப் பெட்டியில் அடுக்கி அனுப்புவோம். ஃபியூஸ் போனால்தான் மனிதனுக்கு அதன் ஞாபகமே வரும். அதற்கெல்லாம் வெப்சைட் எதற்கு என்று எனக்கு உண்மையிலேயே புரியவில்லை.

அந்தச் சமயம் வீட்டில் நான் தனியாள். மகள் பத்தாவதில் நல்ல மார்க் எடுத்ததும் என் மனைவி அவளை மெட்ராஸில் பிளஸ் ஒன் சேர்த்து, குரோம்பேட்டையில் ஒரு வாடகை வீடு பிடித்து, கூடவே போய்விட்டாள். நுழைவுத் தேர்வுக்கு அங்கேதான் நல்ல கோச்சிங்காம். "இங்க படிச்சவங்க யாரும் டாக்டர் ஆவலியா?" என்று கத்தினேன். சாமான் ஏற்றிய வேன் கிளம்பிய அன்று ஷெட்டைவிட்டு நகரவில்லை, வழியனுப்பக்கூடப் போகவில்லை. வெறும் வீம்பு. அதற்கப்புறம் எந்த முகத்தை வைத்துக்கொண்டு அங்கே போவது? அவளும் வாங்க என்று கூப்பிடவில்லை. எட்டு மாதம் இப்படியே ஓடியது. ஞாயிற்றுக்கிழமை போன் வரும். சாப்ட்டீங்களா, கேஸ் வந்துச்சா, அங்க மழையா. மூன்று கேள்வி, மூன்று பதில், வைத்துவிடுவோம்.

பகலெல்லாம் ஷெட்டில் சத்தத்துக்குப் பஞ்சமில்லை. ஐந்தரைக்குப் பெண்கள் டிபன் தூக்கைக் கழுவிக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடியதும், வீட்டுக்குப் போக எனக்குப் பயமாக இருக்கும். ஐம்பதை நெருங்கும் ஆள் சொல்லக் கூச்சப்பட வேண்டிய விஷயம்தான், ஆனால் அதுதான் உண்மை. டிவியைச் சத்தமாகப் போட்டுவிட்டு அடுப்படியில் நின்று ரசம் வைப்பேன். என்ன ஓடுகிறது என்று ஒருநாளும் எட்டிப் பார்த்ததில்லை.

வெப்சைட்டுக்கு ஆள் தேட ஆரம்பித்ததும் முதலில் வந்தவர் பஸ் ஸ்டாண்டு பக்கம் பிரவுசிங் சென்டர் வைத்திருந்தவர். "தொறந்த ஒடனே மியூசிக் வரும் சார். உங்க ஃபியூஸு அப்டியே சுத்திக்கிட்டே வரும் பாருங்க" என்றார்.

"ஃபியூஸு ஆடினாலே ஆபத்துங்க, நீங்க சுத்த வுடுறேன்றீங்க" என்றேன். அவருக்கு அது நகைச்சுவையாகப் படவில்லை.

இரண்டாவதாகப் பாண்டிச்சேரியிலிருந்து ஒரு பெண் வந்தார். முப்பது வயது இருக்கும். சொந்தமாகச் சின்ன கம்பெனி நடத்தினார். அவர்தான் முதலில் ஷெட்டுக்குள் வந்து மண் தூசியில் நின்று சூளையைப் பார்த்தவர். வாங்குகிறவர்கள் முதலில் என்ன கேட்பார்கள், எத்தனை ஆம்பியர் வரை செய்கிறீர்கள், உடைந்து போய்ச் சேர்ந்தால் யார் பொறுப்பு என்று ஒரு தாளில் கேள்விகளாக எழுதிக்கொண்டு வந்திருந்தார். வேலை செய்கிற பெண் ஒருத்தி இரண்டு ஃபியூஸை ஒன்றோடொன்று தட்டி, கணீரென்று சத்தம் வராததை ஒதுக்குவதைப் பார்த்து, "இதையே ஒரு படமா போடலாம் சார்" என்றார். ஆரம்ப காலத்தில் அந்தத் தட்டிப் பார்க்கும் வேலையை என் மனைவிதான் செய்தாள். விரிசலைக் கண்டுபிடிப்பதில் அவள் காதுக்கு ஈடு கிடையாது. அதைச் சொல்ல வாயெடுத்தேன், சொல்லவில்லை.

கிளம்பும்போது அவர், "மத்ததெல்லாம் போன்லயும் மெயில்லயும் பேசிக்கலாம். நீங்க எங்கியும் அலைய வேணாம் சார்" என்றார். நியாயமாக அந்த இடத்தில் நான் கையெழுத்துப் போட்டிருக்க வேண்டும். யோசித்துச் சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டேன்.

மூன்றாவது கம்பெனியை ஒரு பேப்பர் விளம்பரத்தில் பார்த்தேன். விலாசத்தில் குரோம்பேட்டை என்று இருந்தது. போன் செய்து கேட்டால் என் மனைவி இருந்த தெருவுக்குப் பக்கத்துத் தெரு. மேனேஜர் என்று பேசிய ஆசாமி, "நேர்ல வந்து உக்காந்து பேசினாத்தான் சார் சரிப்படும். நாலஞ்சு தடவையாச்சும் வரணும்" என்றார். அந்த நிமிடமே முடிவு செய்துவிட்டேன். பேட்டையில் பக்கத்து ஷெட்காரர்கள் கேட்டதற்கு, மெட்ராஸ் கம்பெனி என்றால் ஒரு தரம் இருக்கும், வடக்கத்தியான் மதிப்பான் என்று பெரிய பிரசங்கமே செய்தேன். எவனும் நம்பியதாகத் தெரியவில்லை. பாண்டிச்சேரிப் பெண்ணுக்குப் போன் செய்ய வெட்கப்பட்டுக்கொண்டு ஒரு கார்டு எழுதிப் போட்டேன். அவர் விட்டுப்போன கேள்வித் தாளை மட்டும் மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன்.

முதல் சனிக்கிழமை காலை ரயிலில் போய்த் தாம்பரத்தில் இறங்கினேன். மனைவிதான் கதவைத் திறந்தாள். "வெப்சைட்டு வேலையா வந்தேன். கம்பெனி இங்கதான் இருக்குது" என்று அவள் கேட்பதற்கு முன்பே சொன்னேன். "உள்ள வாங்க" என்றாள். புதுத் துண்டு எடுத்துக் கொடுத்தாள். தண்ணீர் குடிக்க டம்ளர் எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை, கேட்டுத்தான் வாங்கினேன். விருந்தாளிக்குப் பரிமாறுகிற மாதிரி அப்பளம் இரண்டு வைத்தாள். மகள் கோச்சிங் முடிந்து ஐந்து மணிக்கு மேல்தான் வந்தாள். கொஞ்சம் உயரமாகியிருந்தாள். ஏழு மணி பஸ்ஸைப் பிடித்து ஊர் திரும்பினேன்.

கம்பெனி எப்படி என்று கேட்டால், படு மோசம். செராமிக் என்றதும் அவர்களாகவே பூப்போட்ட டீ கப் படத்தை முகப்பில் போட்டுவிட்டார்கள். அதை எடுக்கச் சொல்லி நான் ஒருமுறை போனேன். அடுத்த முறை டீ கப் போய், குளியலறை டைல்ஸ் வந்திருந்தது. மேனேஜர் முன்னால் மேசையைத் தட்டிக் கோபப்பட்டேன். பாண்டிச்சேரித் தாளை எடுத்து நீட்டி, இந்தக் கேள்விகளை நீங்கள் ஏன் கேட்கவில்லை என்று சண்டை போட்டேன். உள்ளுக்குள் சந்தோஷம் தாங்கவில்லை. அவர்கள் செய்த ஒவ்வொரு தப்பும் எனக்கு ஒரு சனிக்கிழமை. சீக்கிரம் முடித்துவிடுவார்களோ என்று பயந்து, சரியாக இருந்த எழுத்தின் நிறத்தைக்கூட மாற்றச் சொன்னேன். மனைவியிடம் சாப்பிடும்போது இதையெல்லாம் திட்டித் தீர்ப்பேன். ஒருநாள் டைல்ஸ் கதையைக் கேட்டு அவள் வாய்விட்டுச் சிரித்தாள். எங்களுக்குள் பேச வேறு எதுவும் இல்லாமல் போயிருந்ததால் அந்த ஓட்டைக் கம்பெனியைப் பற்றியே பேசினோம்.

பிறகு அங்கே புதிதாகக் கெட்டிக்காரப் பையன் ஒருவன் வேலைக்குச் சேர்ந்து தொலைத்தான். ஒரே வாரத்தில் எல்லாவற்றையும் சரி செய்து, "சைட் ரெடி சார். இனிமே நீங்க வரவே வேண்டாம்" என்று போனில் சொன்னான். பிரவுசிங் சென்டரில் போய்ப் பார்த்தேன். என் ஃபியூஸ், என் ஷெட், என் போன் நம்பர், ஒரு எழுத்துப் பிழை கிடையாது. வெளியே வந்து ஒரு டீ வாங்கிப் பாதியிலேயே வைத்துவிட்டு நடந்தேன். அவ்வளவு ஏமாற்றம்.

இரண்டு சனிக்கிழமை பல்லைக் கடித்துக்கொண்டு ஊரிலேயே இருந்தேன். மூன்றாவது சனிக்கிழமை ரயில் ஏறிவிட்டேன். உன்னையும் பாப்பாவையும் பார்க்கத்தான் வந்தேன் என்று சொல்லிவிடுவது என்று செங்கல்பட்டு வரை ஒத்திகை பார்த்தேன்.

கதவைத் திறந்ததும் அவள், "என்னங்க, வெப்சைட்டு முடிஞ்சிடுச்சின்னு பாப்பா சொன்னாளே? கோச்சிங்ல கம்ப்யூட்டர்ல பாத்தாளாம்" என்றாள். குத்தலாக இல்லை, சாதாரணமாகத்தான் கேட்டாள்.

"கொஞ்சம் திருத்தம் இருக்குது" என்றேன்.

"எத்தினி மணிக்கி வரச் சொன்னாங்க?"

"மூணு."

சாப்பிட்டுவிட்டு அவளோடு உட்கார்ந்து கொத்தவரங்காய் ஆய்ந்தேன். பேச்சு நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. மூன்று அடிக்கக் கால் மணி இருக்கும்போது அவளே சுவரைப் பார்த்துவிட்டு, "நேரமாவுது, கெளம்புங்க. அவங்க ஒருவேளை மூடிடப் போறாங்க" என்றாள். பையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். போவதற்கு இடமில்லை. மெயின் ரோட்டில் பஸ் ஸ்டாப் நிழற்குடை ஒன்று இருந்தது. அதன் சிமெண்டுப் பெஞ்சில் உட்கார்ந்து வந்த பஸ்களையெல்லாம் அனுப்பிக்கொண்டிருந்தேன். அந்த இரண்டு மணி நேரத்தில் என்மேல் எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமில்லை.

ஐந்து மணிக்கு ஒரு பஸ்ஸிலிருந்து மகள் இறங்கினாள். கூட வந்த தோழிகளைப் போகச் சொல்லிவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"கம்பெனிக்கா வந்தீங்கப்பா?"

"ஆமாம்மா."

"அவங்க காலி பண்ணிட்டுப் போயிட்டாங்களேப்பா. போன வாரமே போர்டை எறக்கிட்டாங்க."

நான் ரோட்டையே பார்த்தேன். அவள் தண்ணீர் பாட்டிலைத் திறந்து என்னிடம் நீட்டினாள். குடித்தேன். பஸ்கள் வந்தன, போயின. "போலாமாப்பா?" என்றாள். என் பையை அவளே தூக்கிக்கொண்டாள்.

வீட்டுக்குள் நுழைந்ததும் நான் வாய் திறப்பதற்குள், "அப்பாவ கம்பெனி வாசல்ல பாத்தேம்மா. வேலை இன்னும் நெறைய பாக்கி இருக்குதாம். அடுத்த சனிக்கிழமையும் வரணுமாம்" என்றாள். மனைவி உள்ளேயிருந்து, "வரட்டும், சாப்பாடு செஞ்சி வெக்கிறேன்" என்றாள். பதினாறு வயதுப் பிள்ளை எனக்காகப் பொய் சொல்கிறாள். அவளைத் தடுத்து உண்மையைச் சொல்லிவிட அதைவிட நல்ல நேரம் கிடைத்திருக்காது. நான் கை கழுவப் போய்விட்டேன்.

அடுத்த சனிக்கிழமையும் போனேன். அதற்கடுத்த சனிக்கிழமையும். மகளின் பரீட்சை முடியும்வரை எல்லாச் சனிக்கிழமையும் மூன்று மணி ஆனதும் என் மனைவி நேரமாவுது என்று நினைவுபடுத்துவாள். நான் கிளம்பிப் போய் ஐந்து மணிவரை அந்த நிழற்குடையில் உட்கார்ந்திருப்பேன். வீடு அங்கிருந்து கூப்பிடு தூரம்தான்.