நான் பதிந்த ‘இல்லை’

ஐந்து மாதம் நான் பார்த்த வேலையைச் சொன்னால் சிரிப்பீர்கள். தீவுப் பகுதியில் வீடு வீடாகப் போய், ஐம்பது வயது தாண்டியவர்களிடம் சிகரெட், சுருட்டுப் பழக்கம் உண்டா என்று கேட்பது. உண்டு என்றால் எத்தனை வருடம், ஒரு நாளைக்கு எத்தனை என்று கேட்பது. அதை அலுவலகம் தந்த டப்லெட்டில் பதிந்து அனுப்புவது. வேலை அவ்வளவுதான். ஆனால் முழு ஆய்வும் அந்தக் கேள்வியில்தான் நின்றது. நெடுநாள் புகைத்தவர்களை யாழ்ப்பாணத்துக்கு அழைத்துப்போய், குறைந்த கதிரில் சி.டி. ஸ்கான் எடுப்பார்கள். நுரையீரலில் புற்றுநோய் இருந்தால் இருமலும் இரத்தமும் வரமுதல், வெட்டி எடுக்கக்கூடிய அளவில் இருக்கும்போதே பிடித்துவிடலாமா என்று பார்ப்பதுதான் நோக்கம். ‘இல்லை’ என்று சொன்னவர்களுக்கு ஸ்கான் கிடையாது.

தொடங்கமுதல் இரண்டு நாள் பயிற்சி வைத்தார்கள். ஆய்வை நடத்திய டொக்டர் அம்மா ஒரு விதியைத் திரும்பத் திரும்பச் சொன்னார். இந்தக் கேள்வியை ஆளைத் தனியே வைத்துத்தான் கேட்க வேண்டும், பக்கத்தில் எவரும் இருக்கக்கூடாது. நான் பின்வரிசையில் இருந்து மனதுக்குள் சிரித்தேன். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவுமா? புங்குடுதீவு வீடுகளில் அறைக்குப் பஞ்சமில்லை. ஆறு அறை வீட்டில் இரண்டு பேர் இருப்பார்கள். மற்ற அறைகள் கனடாவிலும் பிரான்ஸிலும் இருக்கிறவர்களுக்காகப் பூட்டிக் கிடக்கும். ஆனால் முன் விறாந்தையில் கதிரை போட்டு இருக்கிற வீட்டுப் பெரியவரைப் பார்த்து, எழும்பி அங்கால போங்கோ என்று எந்த வாயால் சொல்வது? டொக்டர் அம்மா கொழும்பில் வளர்ந்தவர். நான் பக்கத்துத் தீவில், புளியங்கூடலில் பிறந்தவள். எனக்குத் தெரியாததா என்ற எண்ணம் எனக்கு அன்றைக்கே இருந்தது. அந்த எண்ணம்தான் என்னைக் கெடுத்தது.

பஸ்ஸில் புங்குடுதீவுக்கு வந்து இறங்கினால் வீடுகளுக்குப் போக ஒரு ஓட்டோ தேவை. அலுவலகம் நாள் கணக்கில் ஒருவரைப் பேசித் தந்தது. ஐம்பத்தெட்டு வயது. மனைவி இறந்தபின் மூத்த அண்ணனோடு ஒரே வீட்டில் இருந்தார். நான் அவரை அண்ணை என்று கூப்பிட்டேன், அவர் என்னைத் தங்கச்சி என்றார். நாய் உள்ள வீடு, நாக்கு உள்ள வீடு என்று எல்லா வீட்டையும் அவருக்குத் தெரியும். நான் உள்ளே போய்க் கேள்வி கேட்டுக்கொண்டிருக்க, அவர் படலைக்கு வெளியே ஓட்டோவில் சாய்ந்து சிகரெட் புகைத்துக்கொண்டிருப்பார். நான் வெளியே வரும்போது ஒன்று முடிந்து அடுத்தது பாதியில் நிற்கும்.

“எத்தினை ‘ஓம்’ இண்டைக்கு?” என்று கேட்பார்.

“நாலு.”

“இந்த ஒழுங்கையில நாலோ? பதினாலு எண்டு நான் சொல்லுறன். எல்லாம் கள்ளர்.”

கேள்விகள் அவருக்கு மனப்பாடம். ‘ஓம்’ என்றால் ஸ்கான், ‘இல்லை’ என்றால் ஒன்றுமில்லை என்பதும் தெரியும். தன்னுடைய வீட்டு முறை எப்போது வரும் என்று இரண்டு தரம் கேட்டார். கொஞ்ச நாளாக விடிய எழும்பினால் நெஞ்சுக்குள் ஏதோ கரகரக்கிறது, ஓசியில் ஒரு படம் எடுத்துப் பார்த்துவிடலாம் என்று சொல்லிச் சிரித்தார்.

முறை வந்தது. அவருடைய அண்ணர் இளைப்பாறிய விதானையார்; அரசாங்கத்துக்காக ஊரைப் பார்த்த கிராம அலுவலர். எழுபது தாண்டியும் நிமிர்ந்த முதுகு. வீதியில் அவர் வந்தால் சைக்கிளில் போகிறவர்கள் இறங்கி நடந்த காலம் ஒன்று இருந்தது; இப்போதும் சிலர் இறங்குகிறார்கள். அவர் விறாந்தைக் கதிரையில் இருந்தார். என் ஓட்டோ அண்ணை, காலையில் இருந்து என்னோடு பகிடி விட்டுக்கொண்டிருந்த மனிதர், சட்டைப் பொத்தானைப் பூட்டிக்கொண்டு சுவரோடு ஒட்டி நின்றார். பக்கத்தில் ஒரு கதிரை காலியாகக் கிடந்தும் அவர் அதில் இருக்கவில்லை.

முதலில் விதானையாரைக் கேட்டேன். சாராயம், சுருட்டு ஒன்றுமில்லை. அது உண்மை. பிறகு தம்பியாரிடம் திரும்பினேன். தனியே கேட்க வேண்டும் என்பது நினைவுக்கு வராமலில்லை. நன்றாக வந்தது. விதானையார் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அண்ணை, சிகரெட், சுருட்டுப் பழக்கம் ஏதும்?”

“இல்லைத் தங்கச்சி.”

முழுப் பூசணிக்காய் சோற்றில் மறைந்தது. சட்டைப் பையில் பெட்டி புடைத்துக்கொண்டு நின்றது. மணம் மூன்று பேருக்கும் வந்தது. எங்கள் பக்கத்தில் ஐம்பத்தெட்டு வயதுத் தம்பி எழுபது வயது அண்ணனுக்கு முன்னால் சிகரெட்டை எடுக்க மாட்டான். எடுக்கிறவன் என்று வாயாலும் சொல்ல மாட்டான். அண்ணனுக்குத் தெரியும் என்பது தம்பிக்குத் தெரியும். இருந்தாலும் சொல் வெளியே வரக்கூடாது. அதை மரியாதை என்கிறோம். நான் அந்த மரியாதைக்கு என் பங்கைச் செலுத்தி, ‘இல்லை’ என்பதை அழுத்தினேன்.

படலைக்கு வெளியே வந்து ஓட்டோவைத் திருப்பும்போது அவர் மெதுவாகச் சொன்னார்.

“அதைப் பிறகு மாத்தி விடும் தங்கச்சி. பெரியண்ணைக்கு முன்னால என்னெண்டு சொல்லுறது?”

“யோசிக்காதேங்கோ, நான் மாத்திறன்” என்றேன்.

மாற்றவில்லை. மிச்ச வீடுகளை முடிக்கிற அவசரத்தில் விட்டுவிட, அன்று மாலையே பதிவுகள் அலுவலகத்துக்குப் போய்விட்டன. போனதைத் திருத்த வேண்டுமானால் காரணம் எழுதிக் கையெழுத்து வைக்க வேண்டும். ஆளைத் தனியே வைத்துக் கேட்கவில்லை என்றுதான் காரணம் எழுத வேண்டியிருக்கும். நான்தான் ஒரு திருத்தமும் இல்லாமல் வேலை செய்கிறவள் என்று டொக்டர் அம்மா எல்லாருக்கும் முன்னால் சொல்லியிருந்தார். நாளைக்கு எழுதலாம் என்று விட்டேன். திங்கட்கிழமை எழுதலாம் என்று விட்டேன். பிறகு எழுதாமல் விட்டதற்கும் சேர்த்துக் காரணம் சொல்ல வேண்டி வந்தது. அப்படியே ஆறப்போட்டேன். பயம் என்று சொல்ல முடியாது. வெறும் கௌரவம்.

ஸ்கானுக்குத் தெரிவானவர்களை ஏற்ற பஸ் வந்தது. நடக்கமாட்டாத மூன்று பேரை பஸ்ஸடிக்குக் கொண்டுவந்து இறக்கியது அவருடைய ஓட்டோதான். பட்டியல் என் கையில் இருந்தது.

“என்ர பேர் வரேல்லையோ?”

“அடுத்த முறை வரும் அண்ணை.”

அடுத்த முறை என்று ஒன்று இல்லை. அதுவும் எனக்குத் தெரியும்.

வீட்டுக்கு வீடு போகும் வேலை முடிந்து, யாழ்ப்பாண ஆஸ்பத்திரிக் கிளினிக்குக்கு வருகிறவர்களுக்கு உதவும் வேலையில் என்னைப் போட்டார்கள். ஒரு வருடம் போயிருக்கும். விதானையார் போன் எடுத்தார். தம்பிக்கு இருமல் நிற்கவில்லை, தூதுவளையும் கொத்தமல்லியும் அவித்துக் குடித்துப் பார்த்தாயிற்று, இப்போது சளியில் இரத்தம் போகிறது, ஆஸ்பத்திரியில் உம்மைத்தான் தெரியும் என்றார். அவர்கள் வந்த அன்று ஆஸ்பத்திரி வாசலில் போய் நின்றேன். ஓட்டோ அண்ணையின் சட்டை தோளில் தொங்கியது. என்னைக் கண்டதும் சிரித்தார். சிரிப்பு இருமலில் முடிந்தது.

நெஞ்சு டொக்டர் இளம் ஆள். எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பார்த்துக்கொண்டே கேட்டார்.

“சிகரெட் பத்திறனீங்களோ?”

தம்பி வாய் திறக்கமுதல் அண்ணன் சொன்னார்.

“அவனுக்கு அப்பிடி ஒரு பழக்கமும் இல்லை.”

டொக்டர் எழுதத் தொடங்கினார். ஓட்டோ அண்ணை நிலத்தைப் பார்த்தார். பேனை அந்தச் சொல்லை எழுதிக்கொண்டு போவதைப் பார்த்தேன். இன்னொரு ‘இல்லை’.

“பத்திறவர் டொக்டர்” என்றேன். “முப்பது வருஷத்துக்கு மேல. ஒரு நாளைக்கு ஒரு பெட்டி.”

ஓட்டோ அண்ணையின் முகத்தில் நோயைப் பற்றிய பயத்தைவிட வெட்கம்தான் கூட இருந்தது. விதானையார் சுவரைப் பார்த்தபடி, “தெரியும்” என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

சோதனைகள் முடிய மூன்று வாரம் எடுத்தது. வலது நுரையீரலில் தொடங்கி ஈரல்வரை போய்விட்டது. வெட்ட ஏலாது, மருந்தேற்றிப் பார்ப்போம் என்றார்கள். அன்றைக்குத்தான் நான் டொக்டர் அம்மாவின் அறைக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். ஏசுவார் என்று எதிர்பார்த்தேன். ஏசியிருந்தால் நல்லாயிருந்திருக்கும். அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

“அப்ப எடுத்திருந்தால் தெரிஞ்சிருக்குமோ டொக்டர்?”

“தெரிஞ்சிருக்கலாம். தெரியாமலும் போயிருக்கலாம். அதை இப்ப ஒருத்தராலும் சொல்லேலாது.”

ஆய்வு செய்கிறவர்களின் நேர்மையான பதில் அது. அதைக் கேட்டுவிட்டு வீட்டுக்குப் போய்ச் சமைத்துச் சாப்பிட்டுப் படுக்க வேண்டும். திருத்தத்துக்கான படிவத்தை நிரப்பி அனுப்பினேன். மறுநாள் பதில் வந்தது: திருத்தம் பதியப்பட்டது, நன்றி.

மருந்து நான்கு முறை ஏறியது. ஐந்தாவதை உடம்பு தாங்காது என்று நிறுத்திவிட்டார்கள். இனி வலிக்குத்தான் மருந்து. நோவுக் குளிசையும் குடிக்கிற மருந்தும் எப்படி, எத்தனை மணிக்குக் கொடுப்பது என்று காட்டிக்கொடுக்க நான் வீட்டுக்குப் போய்வந்தேன். போகும் ஒவ்வொரு முறையும், பதிவை மாற்றாமல் விட்டதை இன்றைக்குச் சொல்ல வேண்டும் என்று நினைத்துப் போவேன். குளிசையை எண்ணிக் கொடுத்துவிட்டுத் திரும்புவேன். அது தெரியாமலே அவர் போய்விடுவாரோ என்று பயம். தெரிந்தால் என்ன சொல்வாரோ என்றும் பயம்.

ஒரு பின்னேரம் சொன்னேன். அவர் கட்டிலில் மூன்று தலையணைக்குச் சாய்ந்து இருந்தார். விதானையார் பக்கத்தில் இருந்து தம்பியின் காலைத் தடவிக்கொண்டிருந்தார். இருவரும் கேட்கட்டும் என்றுதான் சொன்னேன்.

“அண்ணை, அண்டைக்கு நான் ‘இல்லை’ எண்டு பதிஞ்சதை மாத்தேல்லை. மாத்தியிருந்தா உங்களையும் ஸ்கானுக்குக் கூப்பிட்டிருப்பினம்.”

விதானையாரின் கை நின்றது. அவர் என்னைப் பார்த்தார். ஒரு வருடத்துக்கு மேலாக நான் பயந்த பார்வை அதுதான். ஓட்டோ அண்ணை கண்ணை மூடி மூச்சைச் சேர்த்தார். பிறகு என்னைப் பார்க்காமல் அண்ணனைப் பார்த்துச் சொன்னார்.

“தங்கச்சியில பிழையில்லைப் பெரியண்ணை. அவ மாத்திறன் எண்டுதான் நிண்டவ. நான்தான் வேண்டாம், ஸ்கானும் மண்ணாங்கட்டியும் எண்டு மறிச்சனான்.”

பச்சைப் பொய். நான் வாயைத் திறந்தேன். இல்லை விதானையார், அவர் மாற்றச் சொன்னவர், நான்தான் செய்யவில்லை. சொல்ல இருந்தது இத்தனை சொல்தான். விதானையாரின் பார்வை என்னை விட்டுத் தம்பியிடம் போயிருந்தது. அது போனதில் எனக்கு ஏற்பட்ட நிம்மதியை இப்போது நினைத்தாலும் கூசுகிறது. நான் வாயை மூடிக்கொண்டேன். ஓட்டோ அண்ணை களைத்துப்போய்த் தலையைத் திருப்பினார். பதினொரு நாளில் போய்விட்டார்.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்குப் போனேன். பிறகும் அந்தப் பக்கம் போனால் விதானையாரைப் பார்க்காமல் வருவதில்லை. தேத்தண்ணி தருவார். பிறகு ஒவ்வொரு முறையும் அதையே சொல்வார்.

“சின்னனிலயிருந்தே பிடிவாதக்காரன் பிள்ளை. நீர் சொன்னதைக் கேட்டிருந்தால் இண்டைக்கு இருந்திருப்பான். அவன்ர குணத்தால உமக்கும் வீண் மனவருத்தம்.”

போன கிழமையும் சொன்னார்.

நான் ஓம் என்றேன்.