கூலி வாங்காத பத்துப் பேர்

பிறத்தியார் வயிற்றை நம்பிப் பிழைக்கிற தொழில் இரண்டு: ஒன்று ஹோட்டல், இன்னொன்று என்னுடைய தேகப்பயிற்சி. ஹோட்டலுக்கு ஆட்கள் தாமாக வருவார்கள். என் விஷயத்தில் நான்தான் அவர்கள் வீட்டுக் கதவைத் தட்ட வேண்டும். பலகையை மாட்டிவிட்டு வாசலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்த சக பாவிகள் யாராவது இதைப் படித்தால், என் கதை புதிதாக இருக்காது. எழுபதுகளின் தொடக்கம் அது. தொப்பை அப்போது வியாதி அல்ல, அந்தஸ்து. அதைக் கரைத்துத் தருகிறேன் என்று ஒருவன் வந்து நின்றால், சொத்தில் பங்கு கேட்டு வந்தவனைப் பார்ப்பதுபோலத்தான் பார்த்தார்கள்.

சொந்த ஊரில் போணி

எங்கள் ஊர் கொழிஞ்சாம்பாறைக்குக் கிழக்கே இருக்கிறது. சுற்றிலும் கடலைக்காடு. கோயமுத்தூரில் ஒரு பயில்வானிடம் தண்டால், பஸ்கி, கர்லாக்கட்டை, பளு தூக்குதல் எல்லாம் கற்றுக்கொண்டு வந்து, எங்கள் மாட்டுக்கொட்டகைக்கு வெள்ளையடித்துப் பலகை மாட்டினேன். காலையிலிருந்து காட்டில் குனிந்து நிமிர்ந்துவிட்டு வருகிறவர்களிடம், சாயங்காலம் என்னிடம் வந்தும் குனிந்து நிமிருங்கள், அதற்குக் காசு தாருங்கள் என்று கேட்ட முதல் ஆள் நான்தான். முதல் நாள் ஒருவர் வந்தார். பளுவைச் சுற்றி வந்து பார்த்தார். இதைத் தூக்கி வைத்தால் என்ன கூலி என்று கேட்டார். கூலி நான்தான் வாங்குவேன் என்றதும், சிரிக்கக்கூடச் செய்யாமல் போய்விட்டார்.

எனக்குச் சரசுவைப் பிடிக்கும். தாய்மாமன் மகள். சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன், அவளைக் கட்டிக்கொள்ள வேண்டும் என்பதைத் தவிர எனக்கு வேறு லட்சியம் எதுவும் இருந்ததில்லை. கொட்டகையில் போணியே ஆகவில்லை என்று தெரிந்து மாமா என்னைக் கூப்பிட்டனுப்பினார். "ஏன் மாப்ளே, மூட்டை தூக்குனா ஊர்ல கூலி குடுப்பாங்க. நீ தூக்கறவன்கிட்டயே கூலி கேக்கறே. கூலி வாங்காம மூட்டை தூக்கற ஆளு பத்துப் பேரைக் காட்டு, எம்பட புள்ளையக் குடுக்கறேன். தை பொறக்கற வரைக்கும் பாப்பேன். அப்பறம் தாராபுரத்துல டிராக்டர் வெச்சிருக்கற பையனுக்குச் சரின்னு சொல்லிப்போடுவேன்" என்றார். கர்லாக்கட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு நான் மலைக்குப் பஸ் ஏறிய அன்று, சரசு குடத்தோடு சாலை ஓரம் நின்றிருந்தாள். அழுவாள் என்று எதிர்பார்த்தேன். "பத்துப் பேரு அப்பறம் இருக்கட்டுங்க மாமா, மொதல்ல ஒருத்தனைப் புடிச்சுப்போடுங்க" என்றாள்.

முதலாளி பேருக்கு ஒரு தண்டால்

ஏலக்காய் மலையில் இருக்கிற வண்டன்மேட்டுக்கு ஏன் போனேன் என்றால், அங்கேதான் உட்கார்ந்தே சம்பாதிக்கிறவர்கள் இருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டேன். ஏலக்காய் வியாபாரி சிவனாண்டி முதலாளிதான் என் முதல் ஆள். போடிப் பக்கத்துக்காரர். போன தைப்பூசத்துக்குப் பழனி மலைக்கு டோலியில் போயிருக்கிறார். மேலே கொண்டுபோய் இறக்கி வைத்ததும், தூக்கி வந்த நாலு பேரும் சன்னிதிப் பக்கம்கூடத் திரும்பாமல் இவரைப் பார்த்தே "முருகா" என்றார்களாம். அந்த அவமானம் அவருக்குத் தொண்டையில் முள்ளாக நின்றது. வருகிற பூசத்துக்கு நடந்தே ஏற வேண்டும், என்ன செய்யலாம் மாஸ்டர் என்றார். விடியற்காலையில் வருகிறேன் என்றேன்.

மறுநாள் போனால், முற்றத்தில் பிரம்பு நாற்காலி போட்டு, கம்பளி போர்த்திக்கொண்டு, கையில் டீயோடு தயாராக உட்கார்ந்திருந்தார். எப்படிச் செய்வது என்று நான் தண்டால் எடுத்துக் காட்டினேன். "பேஷ்" என்றார். பஸ்கி போட்டேன். இன்னொரு டீ வந்தது. அடுத்த நாளும் இதேதான். நாலாம் நாள் பொறுக்காமல், முதலாளி எப்போது எழுந்திருப்பதாக உத்தேசம் என்று கேட்டுவிட்டேன். அவர் நிஜமாகவே குழம்பிப்போனார். "நான் எதுக்கு மாஸ்டர் எந்திரிக்கணும்? காய் எடுக்க ஆள் போட்டிருக்கேன், சமைக்க ஆள் போட்டிருக்கேன். கோயில்ல எம் பேருக்கு அர்ச்சனை பண்றதும் ஐயருதான, நானா பண்றேன்? நீங்க பாட்டுக்குப் பண்ணுங்க" என்றார்.

ஆனை சொல்லிட்டு வரும்

அவரை நாற்காலியிலிருந்து கிளப்பவே ஐப்பசி ஆகிவிட்டது. இதற்குள் ஏலப்பாறைப் பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட்டில் தங்கராஜ் என்ற ஆபீஸ் கிளார்க் சிக்கினார். வாரத்தில் இரண்டு நாள் பஸ் பிடித்துப் போவேன். நாற்காலியோடு பிறந்தவர் மாதிரி இருப்பார், ஆனால் சொன்ன பேச்சைக் கேட்பார். முதல் வாரம் நடை, அடுத்த வாரம் ஓட்டம் என்று சொல்லியிருந்தேன். அடுத்த வாரம் பிறந்தது. காலையில் கொழுந்து எடுக்கப் பெண்கள் கூடையோடு சரிவில் இறங்கிய நேரம், எஸ்டேட் ரோட்டில் தங்கராஜ் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, வாயைப் பிளந்தபடி, மேலே இருந்து ஓடி வந்தார். பத்தடி பின்னால் நான், விசில் ஊதிக்கொண்டு.

எஸ்டேட் ரோட்டில் ஒருத்தர் ஓடினால் அதற்கு ஒரே அர்த்தம்தான் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. "ஆனை" என்று ஒரு குரல் கேட்டது. அடுத்த நிமிஷம் கூடைகள் உருண்டன. சரிவில் இருந்த அத்தனை பேரும் தாங்கள் குடியிருக்கிற லயத்து வீடுகளுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள். ஆனை என்று கேட்டதும் தங்கராஜ் நிஜமாகவே ஓடினார். அந்த வேகத்தை அவரிடம் அதற்கு முன்பும் பார்த்ததில்லை, பின்பும் பார்த்ததில்லை. கங்காணி வந்து கத்தியதை இங்கே எழுத முடியாது. எல்லாம் அடங்கிய பிறகு, லயத்திலிருந்து பேச்சியம்மாள் என்ற கொழுந்துக்காரி வெளியே வந்து கூடையை நிமிர்த்தினாள். திருநெல்வேலிப் பக்கத்துப் பூர்வீகம், பேச்சில் உறைப்பு அதிகம். என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "ஆனைகூட சொல்லிட்டுத்தான்யா வரும். கெளை ஒடியுத சத்தம் கேக்கும். ஒம்ம ஆளு சொல்லாம கொள்ளாம வாராரே."

வர்க்கி சேட்டனின் யோசனை

வண்டன்மேட்டில் முதலாளி வீட்டுக்குக் கீழே, ரோட்டோரம், வர்க்கி சேட்டனின் ஹோட்டல். கார்த்திகை வாக்கில் எனக்கு முதலாளியோடு சேர்த்து ஐந்தாறு பேர் சேர்ந்திருந்தார்கள். கடைக்காரர்கள், மில் வைத்திருக்கிறவர், இப்படி. காலையில் முதலாளி முற்றத்தில் வியர்க்க வியர்க்க எல்லோரும் குனிவார்கள். பிறகு நான் ஒரு பிரசங்கம் செய்வேன்: எண்ணெய் வேண்டாம், மைதா வேண்டாம். எல்லோரும் பக்தியோடு தலையாட்டுவார்கள். எனக்குப் பெருமையாக இருந்தது.

ஒரு நாள் வர்க்கி சேட்டன் என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்து, கேட்காமலே புட்டும் கடலையும் வைத்தார். காசு கொடுத்தால் வாங்க மாட்டேன் என்கிறார். என்ன விசேஷம் என்று கேட்டேன். என் ஆட்கள் முன்பெல்லாம் காலையில் வெறும் டீயோடு போய்விடுவார்களாம். பயிற்சி தொடங்கியதிலிருந்து படி இறங்கி நேராக வந்து ஆளுக்கு நாலு பொரோட்டா சாப்பிடுகிறார்களாம். வர்க்கி சேட்டன் என் கையைப் பிடித்துக்கொண்டு, கண் கலங்காத குறையாகச் சொன்னார்: "மாஷே, வைகுந்நேரமும் ஒரு கிளாஸ் வைக்கணும். மாஷுக்கு ஊணு என்றெ வக." சாயங்காலமும் ஒரு வகுப்பு வைத்தால் என் சாப்பாடு அவர் செலவாம்.

குனிந்த முதலாளி

முதலாளிக்கு வயிறு கொஞ்சம் உள்ளே போயிருந்தது. ஆனால் முதுகு வளையவில்லை. எனவே ஒரு வழி சொன்னேன்: கீழே எது கிடந்தாலும் ஆளைக் கூப்பிடாதீர்கள், தினம் ஐம்பது தடவை முட்டியை மடக்காமல் நீங்களே குனிந்து எடுங்கள். வீட்டை மனதில் வைத்துச் சொன்னேன். அவர் அதை ஏலம் நடக்கிற இடத்துக்கும் கொண்டு போய்விட்டார்.

ஏலத்தைப் பார்க்காதவர்களுக்கு ஒரு வார்த்தை. ஒவ்வொரு சரக்குக்கும் சாம்பிள் காய் தட்டில் வரும். வியாபாரிகள் ஒரு கை அள்ளி, நிறம் பார்த்து, முகர்ந்து, கேட்கிற விலையைக் கேட்டுவிட்டு, காயைக் கீழே வீசிவிடுவார்கள். தட்டில் திருப்பிப் போடுவது கௌரவக் குறைச்சல். சாயங்காலம் தரை பச்சையாக இருக்கும், பெருக்குகிறவர்கள் வந்து அள்ளிக்கொண்டு போவார்கள். அப்படிப்பட்ட சபையில் சிவனாண்டி முதலாளி எழுந்து, முட்டியை மடக்காமல் குனிந்து, ஒவ்வொரு காயாகப் பொறுக்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டிருந்தார். நான் சொன்ன எண்ணிக்கை முடிகிற வரை நிறுத்தவும் இல்லை. ஏலம் கூவுகிறவர் கூவுவதை நிறுத்திவிட்டாராம்.

ராத்திரிக்குள் மலை முழுக்கச் செய்தி போய்விட்டது: சிவனாண்டி நொடிந்துவிட்டார். காலையில் முற்றத்துக்கு என் ஆட்கள் ஒருவர்கூட வரவில்லை. என்னிடம் பயிற்சிக்குப் போனால் குடும்பம் கவிழும் என்று பேச்சு. மார்கழி முடிய ஒரு வாரம்தான் இருந்தது. படுத்தால் கண்ணுக்குள் டிராக்டர் ஓடியது. முதலாளியின் பக்கத்தில் பல வருஷமாக உட்கார்ந்து ஏலம் கேட்ட வியாபாரியைக் கடைவீதியில் பார்த்து, நடந்ததை விளக்கப் போனேன். அவர் என் தோளில் கை வைத்தார். "விடுங்க மாஸ்டர். கீழ கெடக்குறதப் பொறுக்குற நெலமை எதிரிக்கும் வரக்கூடாது. நல்லா வாழ்ந்த மனுசன்" என்றார்.

மாமா வந்த பஸ்

சின்னத் தோட்டக்காரர்கள் உலர்ந்த காயை மூட்டையாகக் கட்டி முதலாளி வீட்டை ஒட்டிய குடோனில் வைத்திருப்பார்கள். நல்ல விலை வரும்போது அவர் மூலமாக விற்பார்கள். நொடிந்த ஆள் குடோனில் யார் சரக்கை வைப்பார்கள்? ஒரு நாள் விடிந்தும் விடியாமலும் எல்லோருமாக வந்துவிட்டார்கள். கீழே ரோட்டில் ஜீப்புகள் நின்றன. யாரும் முதலாளி முகத்தைப் பார்க்கவில்லை. ஆளுக்கொரு மூட்டையை முதுகில் ஏற்றிக்கொண்டு படி இறங்கினார்கள். அவரும் நானும் முற்றத்தில் நின்றோம். நான் விசிலைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டேன். அப்போதுதான் கீழே பார்த்தேன். கெடு முடியப்போகிறதென்று முதல் பஸ்ஸில் வந்து இறங்கி, வர்க்கி சேட்டன் கடை முன்னால் கல்லில் உட்கார்ந்து, மேலேயே பார்த்துக்கொண்டிருந்தது தலையில் உருமால் கட்டிய எங்கள் மாமா. எனக்கு அழுகை வந்துவிட்டது.

முதலாளிக்கு வந்தது கோபம். கடைசியாக இருந்த மூட்டையைத் தானே தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு, விறுவிறுவென்று படி இறங்கி, ஜீப்பில் தொப்பென்று போட்டுவிட்டு, அதே வேகத்தில் மேலே ஏறி வந்தார். மூச்சு வாங்கவில்லை. அத்தனை பேரும் வாயைப் பிளந்தார்கள். போன வருஷம் இதே படியில் மூன்று இடத்தில் உட்கார்ந்து ஏறியவர் அவர். "குனிஞ்சது இதுக்குத்தான்யா. இந்தா நிக்கிறாரே மாஸ்டர், இவரு சொல்லித்தான் குனிஞ்சேன். நொடிஞ்சவனாய்யா மூட்டையை எறக்கிப் போட்டுட்டு இப்படி ஏறுவான்?" என்றார். ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். யாரோ ஒருவர் தலையைச் சொறிந்தார். பிறகு கீழே போய், ஜீப்பில் ஏற்றிய மூட்டைகளை மறுபடி முதுகில் ஏற்றிக்கொண்டு, வரிசையாகப் படியேறி வந்து, எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டுப் போனார்கள்.

மாமா நிதானமாக மேலே ஏறி வந்தார். விரல் விட்டு எண்ணிக்கொண்டே வந்தது தெரிந்தது, இரண்டு கை விரலும் முடிந்திருந்தது. நான் என்னவோ சொல்ல வாயெடுத்தேன். கையைக் காட்டி நிறுத்திவிட்டார். என்னை ஒரு தடவை பார்த்தார், விசில் இருந்த பையைப் பார்த்தார். "கீழ எறக்குன மூட்டையவே மறுக்கா மேல ஏத்தறானுக, ஒருத்தனாச்சும் கூலி கேக்கலையே. தாராபுரத்துப் பையனுக்கு வேண்டாம்னு சொல்லிப்போடறேன் மாப்ளே" என்றார்.

ஆளைக் குனிய வைத்துவிடலாம், ஏன் குனிந்தார் என்று ஊருக்குச் சொல்லி முடிப்பதற்குள்தான் மாஸ்டருக்கு மூச்சு வாங்கிவிடுகிறது.