அண்ணைக்குப் போட முடியாத குழாய்

கடந்த மாசி மாதம் வவுனியாவிலிருந்து யாழ்ப்பாணம் போனேன், ஊர் பார்க்க அல்ல. கொக்குவிலில் இருக்கும் என் அண்ணைக்குச் சிறுநீரகங்கள் செயலிழந்து டயலிசிஸ் நடக்கிறது. அதற்காகக் கழுத்தடியில் வைத்திருந்த குழாயில் இரண்டாவது தடவையும் கிருமி பிடித்துவிட்டது. காய்ச்சல் அடங்கியதும் வீட்டுக்கு விட்டிருந்தார்கள். திங்கட்கிழமை குழாயை மாற்ற வேண்டும்.

காலை ரயிலில் மூன்று மணித்தியாலத்துக்குக் கிட்டப் பிடித்தது. நிலையத்திலிருந்து கொக்குவிலுக்கு ஆட்டோ நானூறு ரூபாய். ஏறுமுன்பே விலை பேசிக்கொள்ளுங்கள்.

அண்ணையின் மகள் தர்சினி யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் ஓர் ஆய்வுகூடத்தில் வேலை செய்கிறாள். சனிக்கிழமை காலை அண்ணை, “உவள் என்ன செய்யிறாள் எண்டு ஒருக்கால் பாத்திட்டு வருவம், வாறியோ?” என்றார். மூன்று கிலோமீற்றர்கூட இல்லை. ஆனாலும் குலுக்கம் அவருக்கு ஆகாது.

“தம்பி, பள்ளத்திலை பாத்து விடுங்கோ,” என்றேன் ஆட்டோக்காரரிடம்.

“ஓம் அக்கா, ஆளைப் பாத்தாலே விளங்குது,” என்றவர், சனி நெரிசலில் சந்தைப் பக்கம் போகாமல் சின்னச் சின்ன ஒழுங்கைகளால் கொண்டுபோய் விட்டார்.

தர்சினி விளக்கியதை எனக்கு விளங்கிய அளவில் எழுதுகிறேன். கிருமிகள் பிளாஸ்டிக்கில் ஒட்டி, தங்களைச் சுற்றிப் பசை போன்ற படலம் கட்டிக்கொள்கின்றன. பிறகு மருந்து அவற்றை எட்டுவது கடினம். அவள் அதே பிளாஸ்டிக்கின் மேற்பரப்பில், நீரைப் பிடித்துவைக்கும் மெல்லிய பூச்சொன்றைப் பிணைக்கிறாள். அந்த ஈர அடுக்கில் கிருமிக்குப் பிடிமானம் கிடைப்பதில்லை.

நுணுக்குக்காட்டியில் இரண்டு துண்டுகளைக் காட்டினாள். சாதாரணத் துண்டு முழுக்கக் கிருமிகள் பச்சைப் புள்ளிகளாக ஒளிர்ந்தன. மற்றதில் அங்கொன்றும் இங்கொன்றும்தான். அண்ணை நெடுநேரம் குனிந்தபடி நின்றார்.

“திங்கக்கிழமை இதை எனக்குப் போடேலாதோ, பிள்ளை?”

“ஏலாது, அப்பா.”

“என்ரை உடம்பு. நான் ஓம் எண்டால்?”

“இது இன்னும் ஆய்வுகூடத் தட்டிலைதான் வேலை செய்யுது. ரத்தத்துக்குள்ளை போனால் பூச்சு நிக்குமோ, கழண்டிடுமோ, ரத்தம் கட்டியாகுமோ, எனக்குத் தெரியாது. தெரியாததை உங்களிலை பாக்கமாட்டன்.” குரல் உடைந்தது. நான் வேறு பக்கம் பார்த்தேன்.

திரும்பும்போது அண்ணை, “அவள் ஓம் எண்டிருந்தால் நான் போட்டிருப்பன்,” என்றார். கொஞ்சம் கழித்து, “அது அவளுக்குத் தெரியும். எவ்வளவு கஷ்டப்பட்டிருப்பாள்,” என்றார்.

இப்படியான நோயாளியைப் பார்க்கப் போகிறவர்கள் டயலிசிஸ் இல்லாத நாளாகப் போங்கள். கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள். இருமல், சளித் தடிமன் இருந்தால் போகவே வேண்டாம். குழாயின் மேல் சுற்றிய துணிக்கட்டைத் தொட்டுப் பார்க்காதீர்கள், அன்பினால்கூட.

திங்கட்கிழமை வழமையான குழாயைத்தான் போட்டார்கள். உள்ளே கொண்டுபோகுமுன் அண்ணை மகளைக் கூப்பிட்டார்.

“நீ ஏன் நிக்கிறாய்? மாமி நிக்கிறாதானே. போய் உன்ரை வேலையைப் பார்.”

அவள் என்னைப் பார்த்தாள். நான் தலையசைத்தேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு, திருநெல்வேலிக்குப் பஸ் எடுக்கப் போனாள்.