வட்டிலப்பம் சாப்பிடவில்லை

போன மாதம் ஒருநாள் எங்கள் வீட்டு ப்ரிஜ்ஜில் நான்கு சட்டி வட்டிலப்பம் இருந்தது. நான்கும் நான்கு வீட்டில் தேங்காய்ப்பாலும் கருப்பட்டியும் முட்டையும் சேர்த்து அவித்தவை. எனக்கோ சீனி வருத்தம், இனிப்பே ஆகாது. பெருநாளும் இல்லை, கல்யாணமும் இல்லை. பிறகு ஏன் இத்தனை என்கிறீர்களா? ஒரு பாம்பு சாப்பிட மறுத்தது... அதனால்தான்.

என் மகள் கண்டிப் பக்கம் கம்பஸில் படிக்கிறாள், முதல் வருடம். போகும்போது தன் பாம்பை என் பொறுப்பில் விட்டுப் போனாள். பயப்படாதீர்கள் — விஷமில்லாத போல் பைதன், பந்து மலைப்பாம்பு. ஆபிரிக்க இனம், ஒரு வளர்ப்பாளரின் கூட்டிலேயே பிறந்தது. தொட்டால் பந்தாகச் சுருண்டு தலையை உள்ளே ஒளித்துக்கொள்ளும். அதன் வீரம் அவ்வளவுதான். உடம்பு மண்ணிறம், அதில் பொன்னிறத் திட்டுகள். மகள் அதற்கு 'வட்டிலப்பம்' என்று பெயர் வைத்திருந்தாள்.

பத்து நாளைக்கு ஒரு எலி. ப்ரீசரில், ஐஸ்கிரீம் டப்பாவுக்குள் வைத்திருக்கும் வெள்ளெலியைச் சுடுதண்ணீரில் இளக்கி, இடுக்கியால் பிடித்து முன்னால் ஆட்ட வேண்டும். முதல் இரண்டு மாதம் ஒழுங்காகத் தின்றது. ஒருநாள் முகத்தைத் திருப்பிக்கொண்டது. அடுத்த முறையும் அப்படியே. சின்ன எலி, பெரிய எலி, சூடான எலி — எதுவும் சரிவரவில்லை. மூன்று வாரம் ஓடியது.

அந்த நேரம் பார்த்து மகளுக்குக் கம்பஸ் பரீட்சை தொடங்கியது. எலி வைக்கும் நாளெல்லாம் பின்னேரம் போன் எடுப்பாள்.

"வட்டிலப்பம் திண்டிச்சா வாப்பா?"

"ஓம், திண்டிச்சி."

வேறு என்ன சொல்ல? உண்மை தெரிந்தால் சோதனையை விட்டுவிட்டு அடுத்த பஸ்ஸில் ஏறிவிடுவாள். சொல்லாமல் இருந்து பாம்பு செத்துப்போனால்? அவள் முகத்தில் எப்படி முழிப்பது? எனக்கு உண்மையிலேயே பயமாக இருந்தது. என் சோறும் குறைந்தது.

என் மனைவிக்குப் பாம்பைக் கண்ணில் காட்டக்கூடாது. வீட்டில் அப்படியொன்று இருப்பதைச் சொந்தக்காரர் எவருக்கும் அவர் சொன்னதில்லை — தெரிந்தால் யார் படியேறுவார்கள்? ஆனாலும் மகளின் பொருள் என்று அவருக்கும் கவலை. சம்மாந்துறையில் இருக்கும் அவருடைய ராத்தா போனில், "ஏன் புள்ள, குரல் ஒரு மாதிரி இரிக்கி?" என்று கேட்டிருக்கிறார்.

"ஒண்டுமில்ல ராத்தா... வட்டிலப்பம் மூணு கிழமையாச் சாப்பிடல்ல."

பாம்பு என்று சொல்லக் கூச்சப்பட்டுப் பெயரைச் சொல்லிவிட்டார். ராத்தா என்ன நினைப்பார்? தங்கச்சி ஆசைப்பட்டுக் கேட்கிறாள், அந்தக் கஞ்சன் மாப்பிள்ளை வாங்கிக் கொடுக்கிறான் இல்லை! மூன்று சொந்தக்காரருக்குச் செய்தி போனது. அடுத்த நாளே மூன்று சட்டி வந்து சேர்ந்தது. நான்காவதை ராத்தாவே கையில் ஏந்தி வந்தார். ப்ரிஜ்ஜில் இடமில்லை. ப்ரீசரில் இடம் பண்ணலாம் என்று ஐஸ்கிரீம் டப்பாவைத் தூக்கினார். மூடி கழன்றது.

"யா அல்லாஹ்! மச்சான், நீங்க எலியா திங்கிறீங்க?"

இனி மறைத்து என்ன பயன்? எல்லாவற்றையும் சொன்னோம். ராத்தா தூரத்தில் நின்று எட்டிப் பார்த்துவிட்டு, "பாவம், மெலிஞ்சிதான் போச்சி" என்றார்.

அதோடு ஊருக்கே தெரிந்தது. சுகமில்லாத ஒருவரைப் போய்ப் பார்க்காமல் விடுவது எங்கள் பக்கத்தில் வழக்கமில்லை. நோயாளி பாம்பாக இருந்தால் என்ன? வந்தார்கள். பிஸ்கட் பக்கற்றோடு வந்தவரும் உண்டு. ஒவ்வொருவரும் பாம்பின் கண்ணாடிப் பெட்டியை மூடியிருந்த துணியை விலக்கி, கண்ணாடியில் தட்டி, "என்னவாம்? ஒண்டும் வேணாமாம்?" என்று விசாரித்தார்கள். வட்டிலப்பம் தலையை வெளியே எடுக்கவே இல்லை.

கடைசியில் மிருக வைத்தியர் ஒருவருக்குப் போன் போட்டேன். மாடும் ஆடும் பார்ப்பவர். ஆனாலும் விஷயம் தெரிந்தவர்.

"ஒரு நாளைக்கி எத்தின பேர் வந்து பாக்குறாங்க?"

"பத்துப் பதினஞ்சு பேர், டொக்டர்."

"பதினஞ்சு பேர் சுத்தி நிண்டு பாத்தா நீங்க தின்பீங்களா?"

"எங்கட கல்யாண வீட்டுல அப்பிடித்தானே திங்கிறம்..."

அவர் சிரிக்கவில்லை. அறையைப் பூட்டுங்கள், பத்து நாளைக்கு யாரும் பார்க்க வேண்டாம் என்றார். நீங்களும்தான் என்று சேர்த்துச் சொன்னார்.

வருகிறவர்களை எப்படித் தடுப்பது? வாசலில் வைத்து 'பார்க்க வேண்டாம்' என்று சொல்ல முடியுமா? அதற்கும் என் மனைவிதான் வழி கண்டார். "நித்திரை கொள்ளுது. எழுப்பினா பாவம்." நோயாளி நித்திரை என்றால் எங்கள் ஆட்கள் வாசலோடு திரும்பிவிடுவார்கள். பத்து நாளும் அது நித்திரை கொண்டது. நான் இரண்டு தரம் எட்டிப் பார்க்கப் போய்த் திட்டு வாங்கினேன்.

பதினோராம் நாள் அஸர் தொழுகைக்குப் பிறகு ஓர் எலியை வைத்துக் கதவைச் சாத்தினேன். மஃரிப் தொழுதுவிட்டு வந்து பார்த்தால் எலி இல்லை. வயிற்றில் ஒரு மேடு. அல்ஹம்துலில்லாஹ்! என் மனைவியே உள்ளே வந்து பார்த்தார் என்றால் நம்புவீர்களா?

அன்றுதான் மகளின் கடைசிச் சோதனை. போனில் எல்லாவற்றையும் கொட்டினேன். எப்படிச் சுருண்டு கிடந்தது, மேடு எங்கே இருந்தது, எலி எவ்வளவு பெரிசு... முடித்த பிறகுதான் எனக்கே உறைத்தது. மூன்று கிழமையாகத் 'திண்டிச்சி' என்று சொன்னவன் அல்லவா நான்?

"பொய் எண்டு எனக்கு மொதலே தெரியும் வாப்பா," என்றாள். "உண்மையாத் திண்டா இப்பிடி அரை மணித்தியாலம் கதைப்பீங்க. 'ஓம், திண்டிச்சி' எண்டு ரெண்டு சொல்லோட உடுற ஆளா நீங்க?"

"அப்ப ஏன் புள்ள கேக்கல்ல?"

"அது மாசக் கணக்குல தின்னாமக் கிடக்கும், ஒண்டும் ஆகாது. தோண்டிக் கேட்டா நீங்களும் என்னட்டச் சோதனையப் பத்தித் தோண்டிக் கேப்பீங்க." பிறகு குரலைத் தாழ்த்தினாள். "ரெண்டு பேப்பர் பெயிலாப் போயிடும் போல இரிக்கி வாப்பா."

எதற்காக அத்தனை நாள் பொய் சொன்னேனோ, அதுவே போய்விட்டது. "சாப்பிட்டியா புள்ள?" என்று மட்டும் கேட்டேன்.

"ஓம், சாப்பிட்டன்."

ரெண்டே சொல்.

மறுநாள் காலை கண்டி பஸ்ஸில் ஏறியது நான்.