சல்லடையில் சிக்கிய ஆடிப்பெருக்கு

உச்சி வெயிலிலும் சில்லென்றிருக்கும் அந்த இரும்புக் குழாயில் காதை வைத்தால், உள்ளே தண்ணீர் போகும் ஓசை, வாயை மூடிக்கொண்டு யாரோ முனகுவதுபோலக் கேட்கும். கோலாலம்பூரிலிருந்து கிள்ளானுக்குப் போகும் ரயில் பாதையை ஒட்டி, இரண்டு குன்றுகளுக்கு நடுவே தவுக்கே என்று எல்லாரும் அழைத்த சீன முதலாளி ஒருவர் சொந்தமாகக் கட்டிய சின்ன அணையிலிருந்து அந்த ஒற்றைக் குழாய் இறங்கி, அவருடைய ரப்பர் தோட்டத்துத் தொழிலாளர்கள் குடியிருந்த லயத்துக்கும் அதற்கு அப்பால் அவருடைய பங்களாவுக்கும் தண்ணீர் கொண்டுபோனது. பக்கத்து ஆறு ஈயச் சுரங்கத்துச் சேறு கலந்து தேநீர் நிறத்தில் ஓடியதால், லயத்தில் அத்தனை வீட்டு உலையும் இந்தக் குழாயை நம்பித்தான் ஏறியது.

அந்த அணைக்கு என் அப்பா காவல்காரர். ராமநாதபுரத்துப் பக்கத்து ஆள் ஆகையால் அணையை அவர் ‘கண்மாய்’ என்றுதான் சொல்வார். கண்மாயும் மடையும் தெரிந்த ஆள் என்று யாரோ தவுக்கேயிடம் சொன்னதில் கிடைத்த வேலை அது. கரையோரம் எங்களுக்கு ஒரு தனிக் குடிசையும் கொடுத்திருந்தார்கள். குழாயின் வாயில் ஒரு பித்தளைச் சல்லடை இருந்தது. அதில் சருகு அடைத்தால், அதற்கு மேலே போட்டிருந்த பலகையில் நின்று நீண்ட மூங்கில் கழியால் அப்பா வழித்துவிடுவார். தண்ணீரில் யாரும் கால் வைக்கக்கூடாது என்பது தவுக்கேயின் உத்தரவு. அப்பாவுக்கு அதில் ஒரு கஷ்டமும் இல்லை, ஏனென்றால் அவருக்கு நீந்தத் தெரியாது. “எங்க கண்மாயில முழங்காலுக்கு மேல தண்ணி கெடந்தாத்தானே நீந்திப் பழகுறதுக்கு” என்பார்.

எனக்கு எட்டு வயதான வருஷம் ஆடி மாதத்தில் மழையே இல்லை. அணை பாதிக்குக் கீழே இறங்கிவிட்டது. அப்போதுதான் லயத்துப் பெண்கள் அப்பாவிடம் வந்தார்கள். அவர்களில் பாதிப்பேர் காவிரிக் கரையிலிருந்து வந்தவர்கள். முன்னால் நின்றவர் குஞ்சம்மாள் அக்கா, திருவையாற்றுப் பக்கம். ரப்பர் மரத்தில் பால் வெட்டுவதில் ஆண்களுக்குச் சமமானவர், வாயிலும் அப்படியே.

“பதினெட்டாம் பெருக்குண்ணே. அந்தச் சேத்து ஆத்துல எப்படி மஞ்சளைக் கரைக்கிறது? இங்க கரையில நின்னுக்கிறோம். கால் நனைக்க மாட்டோம்.”

அப்பா தயங்கினார். “நீங்க பெருக்குன்னா பாத்திருக்கீங்களா?” என்று அக்கா கேட்டதும் எல்லாரும் சிரித்தார்கள். என் அம்மாவும் அவர்களோடு சேர்ந்து சிரித்ததுதான் அப்பாவைச் சம்மதிக்க வைத்தது என்று நினைக்கிறேன்.

அன்றைக்குப் புளிச்சோறும் தேங்காய்ச்சோறும் நான் வயிறு முட்டத் தின்றேன். சாப்பிட்டு முடித்துப் பெண்கள் முளைப்பாரியும் காதோலையும் கருகமணியும் எடுத்துக்கொண்டு தண்ணீரைப் பார்த்தார்கள். ஓடாத தண்ணீர். போடுவதை வாங்கிக்கொண்டு போகாத தண்ணீரில் எதைப் போடுவது? தேடித் தேடிக் கடைசியில் ஓர் இடத்தில் மட்டும் ஒரு சின்னச் சுழி இருப்பதைக் கண்டுபிடித்தார்கள். “இங்க ஓடுதுடி” என்று அக்கா சொல்ல, பலகைமேல் வரிசையாக வந்து எல்லாவற்றையும் அந்தச் சுழியில் விட்டார்கள். புதுச் சரடு மாற்றிக்கொண்ட அம்மா, பழைய தாலிச் சரட்டையும் அதிலேதான் விட்டாள். சுழி ஒவ்வொன்றாக வாங்கிக்கொண்டது. அப்பாவும் பார்த்துக்கொண்டுதான் நின்றார்.

மறுநாள் காலை நான் காதை வைத்தபோது குழாய் பேசவில்லை.

அப்பா சல்லடையில் கழியை விட்டுக் கிளறினார். சருகென்றால் வந்துவிடும், இது சரடும் நாரும் முளைப் பயிரின் வேரும் ஒன்றோடொன்று முறுக்கிக்கொண்ட கட்டி. லயத்திலிருந்து வெற்றுக் குடங்களோடு ஆட்கள் ஏறி வந்தார்கள். பங்களாக் குழாயும் நின்றுவிட்டதால், முகம்கூடக் கழுவாமல் தவுக்கேயும் வந்துவிட்டார்.

“ஆயர் தாடா” என்றார். தண்ணீர் இல்லை என்பதை அவர் அமைதியாகத்தான் சொன்னார். பிறகு தண்ணீருக்குள் கையைக் காட்டி, “நீ எறங்கு” என்றார்.

அப்பா கழியைப் பிடித்தபடி நின்றார். “நீந்தத் தெரியாதுங்க தவுக்கே.”

“தண்ணி காவல், தண்ணி தெரியாது?”

யாரும் சிரிக்கவில்லை. குடத்தைக் கீழே வைத்துவிட்டுக் குஞ்சம்மாள் அக்கா சேலையை வரிந்து கட்டினார். “நாங்க பண்ணுனது. நீங்க தள்ளுங்கண்ணே” என்று சொல்லி, தவுக்கேயின் உத்தரவைக் காலால் மட்டுமல்ல, தலையாலும் மீறி உள்ளே போனார். மூன்று முறை மூழ்கினார். மூன்றாம் முறை அந்தக் கட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு வந்தார். ஆற்றுக்கு விட்டதை வீட்டுக்குத் திரும்ப எடுக்கக்கூடாதென்று, பெண்கள் அதைப் பாக்கு மட்டையில் ஏந்திப்போய் அந்தச் சேற்று ஆற்றிலேயே விட்டார்கள்.

குழாய் மறுபடி முனகியது. தவுக்கே அக்காவையும் அப்பாவையும் மாறி மாறிப் பார்த்தார். மாதக் கடைசியில் அணைக் காவலும் அந்தக் குடிசையும் அக்காவுக்குப் போயின.

அக்கா எவ்வளவோ மறுத்தார். அப்பாதான், “எடுத்துக்க தங்கச்சி, தெரிஞ்சவங்க பாக்குறதுதான் சரி” என்றார். அம்மா வெகுநாள் அக்காமேல் வருத்தமாக இருந்தாள். அப்பா ஒரே பதில்தான் சொல்வார்: “தண்ணி ஓடுற எடத்துல போட்டாங்க. அதுல என்ன தப்பு?”

சட்டி பானைகளோடு கோலாலம்பூரில் பிரிக்பீல்ட்ஸ் பக்கம் வேலை தேடிப் புறப்பட்ட அன்று, அப்பா வழியில் குனிந்து குழாயில் காதை வைத்தார். அதுவரை அவர் அப்படிச் செய்து நான் பார்த்ததில்லை. “ஓடுது” என்று சொல்லிவிட்டு மூட்டையைத் தோளில் மாற்றிக்கொண்டார். என் பள்ளிக்கூடம் அந்த மாதத்தோடு நின்றது. அதற்குப்பின் கிள்ளான் துறைமுகம், லோரி, ரயில் என்று எந்த இடத்திலும் நான் நிலைத்து நிற்கவில்லை.

போன மாதம் அந்தப் பக்கம் போனேன். குன்றுகள் இரண்டையும் வெட்டிச் சமமாக்கியிருந்தார்கள். அணை எங்கே என்று காவலுக்கு நின்ற பையனைக் கேட்டேன். “அணையா? இது கார் பார்க்லா, அங்கிள்” என்றான். பிறகு என்ன நினைத்தானோ, உட்கார நாற்காலி போட்டான்.

செராஸில் என் அடுக்குமாடி வீட்டுக் குழாயைத் திறந்தால் தண்ணீர் வருகிறது. எந்த அணையிலிருந்து வருகிறதென்று எனக்குத் தெரியாது. அங்கே காவல் இருப்பவர் யாரானாலும், நீந்தத் தெரிந்தவராக இருக்கட்டும்.