காலியாகக் கிடந்த மூன்று அடுப்புகள்

பொங்கல் என்றால் எல்லாருக்கும் வாய் இனிக்கும். எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு எரியும். முப்பது வருஷம் ஆகப்போகிறது, இன்னும் அடங்கவில்லை.

சென்னீர்குப்பத்திலிருந்து உள்ளே போனால் எங்கள் ஊர். ஊர்த்தெருவில் இருந்தவர்களுக்கு நிலம் இருந்தது. அந்த நிலத்தில் வேலை செய்த நாங்கள் காலனியில் இருந்தோம். அங்கே ஒரு வழக்கம். பொங்கலன்று ஊர்த்தெருவில் பானை பொங்கி, அவர்கள் கூவுகிற சத்தம் கேட்ட பிறகுதான் காலனியில் அடுப்பு மூட்ட வேண்டும். அவர்கள் சாவகாசமாக எழுந்து, குளித்து, கோலம் போட்டுப் பொங்க வைப்பதற்குள் பதினொரு மணி ஆகிவிடும். அதுவரை காலனிப் பிள்ளைகள் குளித்துவிட்டு வெறும் வயிற்றோடு வாசலில் உட்கார்ந்திருப்போம். அதை நினைத்தால் இப்போதும் பல்லைக் கடித்துக்கொள்கிறேன்.

எண்பதுகளின் தொடக்கத்தில் என் அப்பாவுக்கு அம்பத்தூரில் ஒரு தொழிற்சாலையில் லேத் வேலை கிடைத்தது. அவரை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். முதல் போனஸில் நைனா ஒரு பித்தளைப் பானை வாங்கினார். அந்த வருஷப் பொங்கலன்று, வெயில் ஏறுவதற்கு முன்பே வாசலில் மூன்று கல்லைக் கூட்டிப் பானையை ஏற்றினார். அம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினாள்.

"இன்னாத்துக்குயா வம்பு? அவங்க வெச்சு முடிக்கட்டும்யா."

"அவங்க வெக்கறப்ப வெக்கட்டும். எம் புள்ளைக்கு இப்பவே பசிக்குது."

பால் பொங்கியதும் நைனா போட்ட கூச்சல் ஊர்த்தெருவுக்கே கேட்டது. எனக்கு அப்போது பத்து வயது. பயத்தில் கதவுக்குப் பின்னால் நின்றிருந்தேன். அந்த மாதம் முழுக்கக் காலனியில் ஒருவருக்கும் அறுப்பு வேலை கொடுக்கவில்லை. காலனித் தெருவே நைனாவைத் திட்டித் தீர்த்தது. ஆனால் அடுத்த வருஷம் பாதித் தெரு அவரோடு சேர்ந்து அடுப்பு மூட்டியது. அதற்கடுத்த வருஷம் மொத்தத் தெருவும் மூட்டியது.

தொண்ணூறுகளில் உதவித்தொகை கிடைத்து இங்கிலாந்துக்குப் படிக்கப் போனேன். அம்மா அந்தப் பித்தளைப் பானையை என் வேட்டியில் சுற்றிப் பெட்டியில் வைத்தாள். நைனா ஒன்றுதான் சொன்னார்.

"அங்க எவனுக்கோசரமும் காத்துகினு நிக்காத. நீ பாட்டுக்கு வெச்சுட்டு எனுக்கு போன் போடு."

வீட்டில் போன் கிடையாது. பொங்கலன்று சாயங்காலம் நாலரை மணிக்கு நெடுஞ்சாலை ஓரத்து எஸ்.டி.டி. பூத்தில் வந்து நிற்பதாக ஏற்பாடு. எனக்கு அது காலை பதினொரு மணி.

அன்றைக்கு விடுதியின் பொதுச் சமையலறையில் தமிழ்ப் பிள்ளைகள் ஆறு பேர் கூடினோம். வெளியே சூரியன் இருந்ததற்கான அடையாளமே இல்லை. ஜன்னலில் ஒரு கரும்புப் படத்தை ஒட்டியிருந்தார்கள். எங்களில் மூத்தவர் ஒரு ஆராய்ச்சி மாணவர், பூந்தமல்லிப் பக்கத்து நிலக்காரக் குடும்பம். நான் வந்திறங்கிய வாரமே தன் பழைய கோட்டை எடுத்துக் கொடுத்தவர். அதே வாரத்தில் என் ஊரைக் கேட்டு, தெருவையும் கேட்டுவிட்டார். காலனி என்றதும், "ஓகோ" என்று நிறுத்திக்கொண்டார்.

மின்சார அடுப்பில் நாலு தட்டு. ஒன்றில் அவருடைய எவர்சில்வர் பாத்திரம் ஏறியிருந்தது. பக்கத்துத் தட்டில் என் பானையை வைத்துப் பாலை ஊற்றினேன். அடுப்பைப் போடத் திருகில் கை வைத்தேன்.

"இருப்பா தம்பி," என்றார். "மொதல்ல இது பொங்கட்டும். அப்பால நீ வெச்சுக்க. நம்ம ஊரு வழக்கம் உனுக்குத் தெரியாததா?"

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். தோளில் வேறு தட்டினார். மதுரை, கோவைப் பிள்ளைகளுக்கு ஒன்றும் புரியவில்லை. பெரியவர் முதலில் வைக்கிறார், அவ்வளவுதான் என்று நினைத்திருப்பார்கள். எங்கள் இருவருக்கும்தான் புரிந்தது.

என் பானை இருந்ததையும் சேர்த்து மூன்று தட்டு சும்மா கிடந்தது. எவனும் என் கையைப் பிடிக்கவில்லை. அறுப்பு வேலை போய்விடும் என்ற பயமும் இல்லை. ஆனாலும் என் கை திருகை விட்டு இறங்கியது. வாய், "சரிண்ணே" என்றது.

அவருடைய பால் பொங்க இருபது நிமிஷம் ஆனது. இருபது நிமிஷமும் அவர் கொடுத்த கோட்டைப் போட்டுக்கொண்டு, கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். அவர் மேல் எனக்குக் கோபம் உண்டு, செத்தாலும் தீராது. ஆனால் அதைவிடப் பெரிய கோபம் என் மேல்தான். வகுப்பில் பேராசிரியரையே மடக்கிக் கேள்வி கேட்கிறவன் நான். நைனா ஊரையே எதிர்த்து ஏற்றிய பானை அது. ஒருத்தன் சிரித்துச் சொன்ன ஒரு வார்த்தைக்கு அதைக் குளிரக் குளிர வைத்துக்கொண்டு நின்றேனே, நானெல்லாம் என்ன படித்தேன்?

அவருடையது பொங்கியது. எல்லாரும் கூவினார்கள். பிறகு நான் திருகைத் திருப்பினேன். என்னுடையதும் பொங்கியது, அதற்கும் கூவினார்கள். நான் குனிந்து அடுப்பை அணைத்தேன்.

பதினொரு மணிக்குத் தாழ்வாரத்துப் போனில் காசு போட்டேன். முதல் மணியிலேயே நைனா எடுத்துவிட்டார்.

"பொங்கிச்சாடா?"

"பொங்கிச்சு நைனா."

"யாருது மொதல்ல?"

காசு உள்ளே விழும் சத்தம் கேட்டது.

"நம்புளுதுதான் நைனா."

அவர் சிரித்த சிரிப்பில் பூத்தே அதிர்ந்திருக்கும். போனைக் கையில் வைத்துக்கொண்டே அங்கிருந்தவர்களிடம், "கேட்டியா அண்ணாத்தே, சீமையிலயும் நம்ம ஊட்டுப் பானைதான் மொதல்ல பொங்கிச்சாம்!" என்று கத்தினார்.

படிப்பு முடிந்து பானையோடு திரும்பி வந்தேன். அதற்குப் பிறகு ஒவ்வொரு பொங்கலுக்கும், வந்தவர் போனவர் எல்லாரிடமும் அந்தப் பானையைக் காட்டி நைனா இதைச் சொல்வார். சொல்லி முடித்ததும், "இன்னாடா, நான் சொல்றது சரிதானே?" என்று என் பக்கம் திரும்புவார். அவர் சாகும்வரைக்கும் நான் தலையாட்டினேன்.